பனிக்காலத்தில் படகுக்குள் எலி போகாமல் தடுப்பது எப்படி?

கேள்வி: ஒன்டாரியோவில் 18 அடி அலுமினியப் படகு, ட்ரெய்லரோட நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வீட்டு முற்றத்தில் நிற்கும். சீட் பஞ்சையும் வயரையும் எலி கடிக்காமல் இருக்க என்ன வழி? ஓட்டைகளில் ஸ்டீல் வூல் (மெல்லிய இரும்பு நார்) அடைச்சால் போதுமோ?

பதில் 1: ஸ்டீல் வூல் வேண்டாம் தம்பி, ஈரத்தில் துருப்பிடிச்சுக் கறை விடும். செப்பு வலை ஃபைபர் படகுக்குச் சரி, அலுமினியத்தை அரிச்சுப்போடும். ஸ்டெயின்லெஸ் வலைதான் உங்களுக்கு நல்லது. 6 மில்லிமீட்டர் இடைவெளியே சுண்டெலி நுழையப் போதும். அதனால் வடிகால் ஓட்டை, பில்ஜ் பம்ப் (படகின் அடியில் தேங்கிற தண்ணியை வெளியே இறைக்கிற பம்ப்) வாய், எஞ்சின் கேபிள் நுழையிற இடம் மூன்றையும் கட்டாயம் பாருங்கோ. வடிகாலை இறுக்கி அடைக்கக் கூடாது, உருகின பனித்தண்ணி வெளியேற வேணும். எங்கெங்கே வலை வைச்சதெண்டு எழுதிச் சாவியில் கட்டிவிடுங்கோ. எடுக்க மறந்து தண்ணியில் இறக்கினால் பம்ப் தண்ணி தள்ளாது.

பதில் 2: அடைக்கிறதுக்கு முதல் குஷன், லைஃப் ஜாக்கெட், கயிறு எல்லாத்தையும் வீட்டுக்குள்ள எடுங்கோ. கூடு கட்டப் பஞ்சு இல்லாட்டி பாதிப் பிரச்சினை முடிஞ்சுது. அடிக்கிற எலிப்பொறி நாலைந்தைப் படகின் உள்பக்கச் சுவரோரம், தீனி வைக்கிற பக்கம் சுவரைப் பார்க்க வையுங்கோ. தீனிக்குக் கடலை வெண்ணெய் பயறளவு போதும். நஞ்சு வைச்சால் எலி தளத்துக்கடியில் செத்து நாறும். அந்துருண்டையும் வேண்டாம், அதின்ர மணம் சீட்டை விட்டுப் போகாது.

பதில் 3: வசந்தத்தில் எலிப் புழுக்கை கிடந்தால் கூட்டவோ வாக்குவம் பிடிக்கவோ வேண்டாம், எலியிலிருந்து மனிசருக்குத் தொற்றுற ஹான்டா வைரஸ் தூசியில் பரவும். கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து நனைச்சு, 5 நிமிடம் விட்டுத் துடையுங்கோ.