மறு: படுகொலை, சதிக்கொலை, அரசியற்கொலை: எதை வைத்துக்கொள்வது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மனமார்ந்த நன்றி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: அமெரிக்க வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘அசாசினேஷன்’ (assassination, பெயர்பெற்ற ஒருவரைக் குறிவைத்துக் கொல்வது) என்ற சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பதவியில் இருக்கும்போதே கொல்லப்பட்ட குடியரசுத் தலைவர்கள் நால்வர்: லிங்கன் (1865), கார்ஃபீல்டு (1881), மெக்கின்லி (1901), கென்னடி (1963). அப்புறம் 1963-க்கும் 1968-க்கும் இடையில் கறுப்பின உரிமைப் போராளிகளான மெட்கர் எவர்ஸ், மால்கம் எக்ஸ், மார்ட்டின் லூதர் கிங், அப்புறம் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி. இவர்கள் எல்லாருக்கும் ஒத்துவருகிற ஒரே சொல் வேண்டும்.

நீங்கள் தந்த சொற்களை ஒவ்வொன்றாக என் வரைவில் போட்டு, பக்கங்களை மறுபடி வாசித்தேன். அகராதியில் பார்க்கும்போது நன்றாக இருக்கிற சொல், வாக்கியத்துக்குள் போனதும் வேறு முகம் காட்டுகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

> செய்தித்தாள்கள் ‘படுகொலை’ என்றுதான் எழுதுகின்றன. மக்கள் வாயில் பழகிய சொல். அதை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, நானும் முதலில் அதைத்தான் போட்டிருந்தேன். லிங்கனைப் பற்றிய இயல் முடிந்து உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தெற்கு மாநிலங்களைப் பற்றிய இயல் தொடங்குகிற இடத்தில் இப்படி ஒரு வாக்கியம் வந்து நின்றது: “படுகொலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் தெற்கில் படுகொலைகள் பெருகின.” முதல் படுகொலை, வாஷிங்டனின் ஃபோர்ட் நாடக அரங்கில் லிங்கன் என்ற ஒரே ஒரு மனிதர் சுடப்பட்டது. இரண்டாவது, 1866-இல் மெம்ஃபிஸிலும் நியூ ஆர்லியன்ஸிலும், 1873-இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸிலும் கறுப்பின மக்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டது. ஆசிரியர் இரண்டுக்கும் இரு வேறு சொற்களைப் பயன்படுத்துகிறார். அந்த இயல் முழுக்க நிற்பதே இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவதில்தான். லிங்கன் போனதும் துணைத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் தலைவராக வந்தார். விடுதலை பெற்றவர்களுக்கு என்று படைத்தலைவர் ஷெர்மன் ஒதுக்கிய நிலங்களைப் பழைய உடைமையாளர்களிடமே திருப்பிக் கொடுத்தார். கிளர்ச்சி செய்த தெற்கத்தியர்களுக்குத் தாராளமாக மன்னிப்பு வழங்கினார். அந்தச் சூழலில் நடந்தவைதான் மெம்ஃபிஸும் நியூ ஆர்லியன்ஸும். இரண்டையும் ‘படுகொலை’ என்றால் வாசகருக்கு அந்தத் தொடர்பே கண்ணில் படாது. ஜாலியன்வாலாபாக் முதல் பாஸ்டன் 1770 வரை, பலர் சாகும் நிகழ்ச்சிக்குத் தமிழில் ‘படுகொலை’ ஊன்றிவிட்டது. ‘இனப்படுகொலை’யும் அதிலிருந்து கிளைத்ததுதான். அது அங்கேயே இருக்கட்டும்.

> ‘சதிக்கொலை’ எல்லாருக்கும் சட்டென்று புரியும். சதி இல்லாமல் ஒரு தலைவரைக் கொல்ல முடியுமா?

முடியும் அம்மா. முடிந்திருக்கிறது. லிங்கன் விஷயத்தில் சதி உண்மை. அதே இரவில் வெளியுறவு அமைச்சர் சூவார்டு தன் படுக்கையிலேயே கத்தியால் குத்தப்பட்டார். துணைத் தலைவர் ஜான்சனைக் கொல்ல அனுப்பப்பட்டவன் துணிவிழந்து ஒதுங்கிவிட்டான். எட்டுப் பேர் இராணுவ ஆணையத்தின் முன் விசாரிக்கப்பட்டு, 1865 ஜூலை 7-இல் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். ஆனால் கார்ஃபீல்டைச் சுட்ட கிட்டோ தனி ஆள். மெக்கின்லியைச் சுட்ட சோல்கோஷும் தனி ஆள்.

கென்னடியைப் பற்றிய இயலில்தான் இந்தச் சொல் என்னை அதிகம் பயமுறுத்தியது. கொலைக்காகக் கைதான ஆஸ்வால்டு தனியாகச் செய்தார் என்று 1964-இல் அதை விசாரித்த வாரன் ஆணையம் சொன்னது. சதி இருந்திருக்கக் கூடும் என்று 1979-இல் நாடாளுமன்றக் கீழவையின் சிறப்புக் குழு சொன்னது. அந்தக் குழு பெரிதும் நம்பிய ஒலிப்பதிவுச் சான்று செல்லாது என்று 1982-இல் தேசிய அறிவியல் கழகம் அமைத்த அறிஞர் குழு சொன்னது. அமெரிக்கர்கள் தலைமுறை தலைமுறையாக விவாதிக்கிற ஒன்றை, மொழிபெயர்ப்பாளராகிய நான் இயலின் தலைப்பிலேயே தீர்த்துவைக்க எனக்கு என்ன உரிமை?

மால்கம் எக்ஸ் கொலையில் இது இன்னும் உறைக்கிறது. 1966-இல் மூவருக்குத் தண்டனை விதித்தார்கள். அதில் இருவர் குற்றமற்றவர்கள் என்று 2021-இல் நீதிமன்றமே அறிவித்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள். அந்த இருவரில் ஒருவர் அதைக் கேட்க உயிரோடு இல்லை. ‘யார், எத்தனை பேர், யாருடைய தூண்டுதலில்’ என்பதெல்லாம் காலப்போக்கில் மாறக்கூடியவை. மாறக்கூடியதைச் சொல்லின் வேரில் வைத்துவிட்டால், உண்மை வெளிவரும் அன்று சொல் பொய்யாகிவிடும்.

அடுத்து ‘அரசியற்கொலை’. குழுவில் அதிகம் பேர் ஆதரித்தது இதைத்தான். எனக்கும் இதன் எளிமை பிடித்திருந்தது. இரண்டு இடங்களில் உடைந்தது.

ஒன்று, கார்ஃபீல்டு. கிட்டோவுக்குப் பாரிஸில் துணைத் தூதர் பதவி வேண்டும். தேர்தலில் கார்ஃபீல்டுக்காக உழைத்ததாக அவனாகவே நினைத்துக்கொண்டு, வெள்ளை மாளிகைக்கும் வெளியுறவுத் துறைக்கும் வாரக்கணக்கில் நடந்தான். கிடைக்கவில்லை. 1881 ஜூலை 2-இல் வாஷிங்டன் ரயில் நிலையத்தில் பின்னாலிருந்து சுட்டான். கார்ஃபீல்டு உடனே சாகவில்லை. 79 நாள் படுக்கையில் கிடந்தார். கழுவாத விரல்களையும் கருவிகளையும் மருத்துவர்கள் காயத்துக்குள் விட்டுக் குண்டைத் தேடினார்கள். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் தான் செய்த கருவியோடு வந்து குண்டு இருக்குமிடத்தைத் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. சீழ் பிடித்து செப்டம்பர் 19-இல் இறந்தார். “மருத்துவர்கள்தான் கொன்றார்கள், நான் சுட்டேன், அவ்வளவுதான்” என்ற பொருளில் கிட்டோ நீதிமன்றத்தில் வாதாடினான். அதை யாரும் ஏற்கவில்லை. ஆனால் இன்றைய மருத்துவர்கள் பலர், முறையாகக் கவனித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்றே கருதுகிறார்கள். இந்த இடத்தை மொழிபெயர்த்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இப்போது சொல்லுங்கள், இதில் ‘அரசியல்’ எங்கே இருக்கிறது? கொன்றவனின் நோக்கத்தில் இருந்தது ஒரு வேலை கிடைக்காத ஆத்திரம். ஆனால் பின்விளைவு முழுக்க அரசியல்தான். ஆதரவாளர்களுக்கு அரசு வேலையைப் பங்கு போட்டுக் கொடுக்கிற பழக்கத்தின் மீது மக்களுக்கு வெறுப்பு மூண்டது. 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டம் வந்தது. தேர்வு எழுதி வேலைக்கு வரும் முறை அமெரிக்க நடுவண் அரசில் காலூன்றியது. அதில் கையெழுத்திட்ட, கார்ஃபீல்டுக்குப் பின் தலைவரான செஸ்டர் ஆர்தர், அதே பங்குபோடும் முறையில் வளர்ந்தவர். ‘அரசியற்கொலை’ என்று எழுதினால் வாசகர் அரசியலை நோக்கத்தில் தேடுவார், அங்கே அது இருக்காது.

இரண்டாவது இடம் ஓர் அரசு ஆணை. அயல்நாட்டுத் தலைவர்களைக் கொல்ல உளவுத்துறை போட்ட திட்டங்களை 1975-இல் செனட்டின் சர்ச் குழு வெளியே கொண்டுவந்தது. கியூபாவின் காஸ்ட்ரோ, காங்கோவின் லுமும்பா பெயர்களெல்லாம் அதில் இருந்தன. அதை அடுத்து 1976-இல் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு பிறப்பித்த ஆணை, அரசு ஊழியர் எவரும் ‘அரசியல்’ அசாசினேஷனில் ஈடுபடக் கூடாது என்றது. 1978-இல் கார்ட்டர் பிறப்பித்த ஆணையில் ‘அரசியல்’ என்ற அடைமொழி போய்விட்டது. 1981-இல் ரேகன் பிறப்பித்த 12333-ஆம் எண் ஆணையிலும் அது இல்லை. ஒரே ஓர் அடைமொழியை எடுத்ததால் தடை விரிந்ததா என்று சட்ட அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ‘அரசியற்கொலை’யை வைத்து இதைத் தமிழில் எழுதினால் 1976-ஆம் ஆண்டு ஆணை “அரசியல் அரசியற்கொலை”யைத் தடைசெய்கிறது! அடைமொழி வேறு, தலைச்சொல் வேறு என்று பிரிக்க வழியில்லாத சொல் கலைச்சொல்லாக நிற்காது.

இதே ஆணையால்தான் ‘இலக்குக்கொலை’யும் ‘குறிக்கொலை’யும் வேண்டாம் என்கிறேன். ஆளில்லா விமானத்தால் குறிப்பிட்ட ஒருவரைக் கொல்லும்போது, இது போரில் தற்காப்புக்காகச் செய்யும் தாக்குதல், அசாசினேஷன் அல்ல, எனவே ஆணை தடுக்காது என்று அமெரிக்க அரசு வாதிடுகிறது. அந்தச் செயலுக்கு ‘இலக்குவைத்துக் கொல்லுதல்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறது. அந்த வாதத்தை ஏற்கிறோமோ இல்லையோ, அதைத் தமிழில் எடுத்துச் சொல்லவாவது இரண்டு சொற்கள் வேண்டும். ‘இலக்குக்கொலை’ அந்த இரண்டாவதற்குப் போகட்டும்.

‘தலைமைக்கொலை’ பற்றி ஒரே வார்த்தை. கொன்றவரை ‘தலைமைக் கொலையாளி’ என்றால், தலைமைச் செயலாளர் மாதிரி, கொலையாளிகளுக்கெல்லாம் தலைவர் என்று ஆகிவிடும்.

சரி, என் முன்மொழிவுக்கு வருகிறேன்: வஞ்சக்கொலை.

இது எனக்குத் தோன்றிய இடம் லிங்கன் காலத்துப் போர்விதிகள். 1863 ஏப்ரலில் லிங்கன் ஆட்சியில் பொது ஆணை எண் 100 ஆக வெளிவந்த லீபர் விதித்தொகுப்பில், ஒன்பதாம் பகுதியின் தலைப்பே அசாசினேஷன். அதில் ஒரே ஒரு விதி, 148-ஆவது. எதிரி தரப்பைச் சேர்ந்த யாரையும் ‘கண்டவர் கொல்லலாம்’ என்று அறிவிக்கக் கூடாது, அப்படிக் கொல்லப் பரிசு அறிவிப்பதை நாகரிக நாடுகள் அருவருப்போடு பார்க்கின்றன என்கிறது. அந்த விதி வெளிவந்து இரண்டு ஆண்டுகூட நிறைவடையவில்லை, லிங்கனே அப்படிக் கொல்லப்பட்டார். போர்முறை பற்றிய 1907-ஆம் ஆண்டு ஹேக் விதிகளும் எதிரியை ‘வஞ்சகமாக’க் கொல்வதைத்தான் தடைசெய்கின்றன. ஆக, சட்டம் இந்தச் செயலை அடையாளம் காண்பது நோக்கத்தையோ ஆள் எண்ணிக்கையையோ வைத்து அல்ல. நம்பிக்கைக்குள் புகுந்து கொல்வதை வைத்து.

நிகழ்ச்சிகளோடு வைத்துப் பார்த்தேன். லிங்கனைச் சுட்ட பூத் ஒரு நடிகர். ஃபோர்ட் அரங்கில் அவருக்குத் தெரியாத ஆள் இல்லை, அவருடைய தபால்கூட அங்கேதான் வரும். வீட்டு ஆள் மாதிரி மாடி ஏறிப் போய், கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பின்னாலிருந்து சுட்டார். எவர்ஸ், நள்ளிரவு கடந்து வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கும்போது, எதிரே புதருக்குள்ளிருந்து முதுகில் சுடப்பட்டார். கொன்றவனை 1964-இல் இரண்டு முறை விசாரித்தும் வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழுக்கள் முடிவுக்கு வரவில்லை. தண்டனை கிடைத்தது 1994-இல். மால்கம் எக்ஸைக் கொன்றவர்கள் அவர் பேச்சைக் கேட்க வந்தவர்கள்போல அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

மெக்கின்லியைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1901 செப்டம்பர் 6, பஃபலோ கண்காட்சி. மக்கள் வரிசையில் வந்து தலைவரிடம் கை குலுக்குகிறார்கள். சோல்கோஷ் அடிபட்ட கைக்குக் கட்டுப் போட்டவன்போல வலக்கையில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தான். உள்ளே துப்பாக்கி. மெக்கின்லி கை நீட்டும்போது இரண்டு முறை சுட்டான். இதைப் படித்ததும் உங்களில் பலருக்குப் பெரியபுராணத்தின் மெய்ப்பொருள் நாயனார் நினைவு வந்திருக்கும். முத்தநாதன் சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து, சிவனடியார் வேடத்தில் வந்தான். குத்துப்பட்ட நாயனார் ‘தத்தா, நமர்’ (தத்தா, இவர் நம்மவர்) என்று காவலனைத் தடுத்தார். மெக்கின்லியும் தன்னைச் சுட்டவனைக் கூட்டம் அடிப்பதைப் பார்த்து, அவனை மெதுவாகக் கையாளுங்கள் என்ற பொருளில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. நம் மொழிக்கு இந்தச் செயல் புதிதல்ல, அதற்கு ‘வஞ்சம்’ என்ற சொல்லும் புதிதல்ல.

மறுப்புகள் வரும். ‘வஞ்சம் தீர்த்தல்’ என்றால் பழிவாங்குவதுதானே என்று கேட்பீர்கள். அதற்குப் ‘பழிக்கொலை’ இருக்கிறது. ‘வஞ்சித்தல்’ என்ற வினையின் பொருளில் இதை எடுத்துக்கொள்வோம். ‘வஞ்சம்’ என்பதே ஒரு தீர்ப்பு, கலைச்சொல் நடுநிலையாக வேண்டாமா என்று இன்னொருவர் கேட்கலாம். ‘கௌரவக் கொலை’யை விட்டுவிட்டு ‘ஆணவக்கொலை’க்கு வந்தபோது நாம் செயலைப் பற்றித் தீர்ப்புச் சொன்னோம். அது தவறில்லை என்றே நினைக்கிறேன். யார் செய்தார், எதற்குச் செய்தார் என்று சொல் முன்கூட்டி முடிவுகட்டாமல் இருந்தால் போதும். நடந்த விதத்தைச் சொல்லட்டும்.

பயன்பாடு இப்படி: வஞ்சக்கொலை, வஞ்சக்கொலை முயற்சி, வஞ்சக்கொலையாளி, வஞ்சக்கொலைக்கு ஆளானார். 1976-ஆம் ஆண்டு ஆணை ‘அரசியல் வஞ்சக்கொலை’யைத் தடைசெய்தது, 1978-ஆம் ஆண்டு ஆணை ‘வஞ்சக்கொலை’யைத் தடைசெய்தது. வரைவில் போட்டுப் பார்த்தேன், தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

ஓர் இடத்தில் மட்டும் தயங்கி நிற்கிறேன், உங்கள் கருத்து வேண்டும். 1969 டிசம்பர் 4 விடியலுக்கு முன், சிகாகோவில் காவலர்கள் ஒரு குடியிருப்புக்குள் புகுந்து கறுப்பின உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியின் ஃபிரெட் ஹாம்ப்டனைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 21. இரு தரப்பும் சுட்டதாகக் காவல்துறை சொன்னது. காவலர்கள் எண்பதுக்கு மேல் சுட்டார்கள், எதிர்த் தரப்பிலிருந்து வந்தது ஒன்றுதான் என்று பின்னர் தெரிந்தது. குடியிருப்பின் வரைபடத்தை எஃப்.பி.ஐ.க்குக் கொடுத்தவர் ஹாம்ப்டனின் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த கட்சிக்காரர். நீதிமன்றம் இதைக் கொலை என்றே சொல்லவில்லை. நூலாசிரியரோ அசாசினேஷன் என்று எழுதுகிறார். வரைவில் ‘வஞ்சக்கொலை’ என்றே போட்டிருக்கிறேன், இதைவிட வஞ்சம் வேறென்ன என்று தோன்றியதால். ‘ஆசிரியர் பார்வையில்’ என்று சேர்க்க வேண்டுமா, அப்படியே விடலாமா? பதிப்புக்கு அனுப்ப இன்னும் பத்து நாள் இருக்கிறது.

அன்புடன்,
கேள்வியைத் தொடங்கிய மொழிபெயர்ப்பாளர்