மறு: கண்ணாடிப் பெட்டிக்கு நிதி – அய்யா வீட்டுத் துப்பாக்கிகள்

சிங்கப்பூர் சித்தப்பாவுக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

அய்யாவின் மூன்று துப்பாக்கிகளையும் சங்கக் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஆளுக்கு ஐயாயிரம் கேட்டிருக்கிறீர்கள். நான் தரப்போவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போன மச்சான் அனுப்பிய படத்தைப் பார்த்தீர்களா? மூன்றும் சாக்கில் சுற்றிப் பரணில் கிடக்கின்றன. பூட்டும் இல்லை, கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

லைசென்ஸ் அய்யா பெயரில் இருந்தது, அவரோடு முடிந்தது. 1959 ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்திருக்க வேண்டும். தேர்தல் வந்தால் முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குவார் அய்யா. அவர் வீட்டிலா இப்படி?

பழைய சாமான்தானே என்கிறார் மேலவீட்டு அண்ணன். ரிப்பேர் பார்த்தாலும் சுடாது என்றால்தான் பழசுக்குச் சட்டத்தில் விலக்கு. அந்த ஒற்றைக்குழல் நன்றாகவே சுடும். பன்றி விரட்ட வெடிமருந்து கெட்டித்தபடியே விட்டிருந்தால்? ஈரம் படாத கரிமருந்து எத்தனை வருஷமானாலும் கெடாது. இரட்டைக்குழலில் அலை அலையாக வரி ஓடுகிறதே, அது இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்த குழல், கரிமருந்துக் காலத்தது. இன்றைய தோட்டாவைப் போட்டால் குழலே வெடிக்கலாம். தயவுசெய்து யாரும் ஆராய்ச்சி பண்ண வேண்டாம்.

2016 ஆயுத விதிகளின்படி வாரிசு லைசென்ஸ் கேட்கலாம். மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லையென்று எழுதித் தர வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டுதான், ஆகவே மூன்றும் பெரியவனுக்கே என்ற பேச்சு செல்லாது. கிணற்றுப் பங்குக்காகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்பவர்கள், அத்தை கல்யாணத்தில் அய்யா யாருக்காக நகையை அடகு வைத்தார் என்று கொஞ்சம் யோசிக்கட்டும்.

பெருமை எனக்கும் உண்டு, சித்தப்பா. 1801இல் மருது பாண்டியர்களைத் தூக்கிலிட்ட கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி), நம் சீமையில் ஆயுதமே கூடாதென்று பறித்தது. அந்த மண்ணில் முறையாக லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருந்த வீடு நம்முடையது. அது வழக்கில் சிக்கி ஸ்டேஷன் வாசலில் நிற்கக் கூடாது.

ஊரில் இருப்பவர்கள் இந்த வாரமே ஸ்டேஷனில் தகவல் சொல்லி, விவரம் தெரிந்த ஆளை வைத்து இறக்கி ஒப்படையுங்கள். ரசீதை இங்கே போடுங்கள். வக்கீல் செலவு என்னுடையது. அப்புறம், குடமுழுக்கு மிச்சக் கணக்கு இன்னும் வரவில்லை. அது வரும்வரை புதிய வசூல் எதற்கும் என் பெயரைச் சேர்க்காதீர்கள்.