மூன்று மாதக் குழந்தைக்கு ஹைஃபுளோவை மாற்றி சிபாப் வைத்திருக்கிறார்கள்: நோய் முற்றிவிட்டதா?

கேள்வி: கோத்தகிரிச் சித்தப்பா

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனின் மூன்று மாத ஆண் குழந்தைக்குச் சளியும் இருமலும் வந்து, பால் குடிக்க முடியாமல், ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்கத் தொடங்கியதால் கோயம்புத்தூருக்குக் கொண்டு வந்தோம். நுரையீரலின் சிறு குழாய்கள் வீங்கும் பிராங்கியோலைட்டிஸ் என்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நேற்று, மூக்கு வழியாக வேகமாகச் செலுத்தும் ஹைஃபுளோ ஆக்சிஜன் வைத்தார்கள். இன்று அதை எடுத்துவிட்டு, விடாமல் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் கருவியை வைத்திருக்கிறார்கள். தேவைப்பட்டால் வென்டிலேட்டர் வைப்பதற்கும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நெபுலைசரும் இல்லை, ஆன்டிபயாட்டிக்கும் இல்லை. மருந்தே கொடுக்காமல் கருவியை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது சரிதானா? அண்ணியிடம் என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

பதில் 1: குழந்தைநல மருத்துவர், உதகை

உங்கள் கவலை நியாயமானது, ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சிகிச்சை முறையாகவே நடக்கிறது. இந்த நோய் பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸால் வருவதால் ஆன்டிபயாட்டிக் இதில் வேலை செய்யாது. மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமால் மருந்தின் நெபுலைசரும் ஸ்டீராய்டும் இந்த வயதுக் குழந்தைகளுக்குப் பயன் தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டியதால், 2014-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்க வழிகாட்டுதலே அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. வைரஸ் தானாக அடங்க வேண்டும்; அதுவரை குழந்தை மூச்சுவிட்டுக் களைத்துப்போகாமல் தாங்குவதுதான் இந்தக் கருவிகளின் வேலை.

நுரையீரலின் மிகச் சிறிய குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபடுகின்றன. ஒரு குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால் காற்றுக்கு எழும் தடை 16 மடங்காகும் என்பதால், ஏற்கெனவே நூலளவே இருக்கும் கைக்குழந்தையின் குழாய்களில் சிறு வீக்கமும் பெரும் பாரமாகிவிடுகிறது. ஹைஃபுளோ, சூடாக்கி ஈரப்படுத்திய காற்றையும் ஆக்சிஜனையும் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் மூக்கில் செலுத்துகிறது. ஐந்து கிலோ குழந்தைக்கு அது 10 லிட்டர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,472 குழந்தைகளிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 23 சதவீதத்தினருக்கு அடுத்தகட்டச் சிகிச்சை தேவைப்பட்டது. ஹைஃபுளோ பெற்றவர்களில் 12 சதவீதத்தினருக்கே தேவைப்பட்டது. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் மட்டும் குறையவில்லை.

சிபாப், மூச்சை வெளிவிடும்போதும் ஓர் அழுத்தத்தை விடாமல் வைத்து, அந்தச் சிறு குழாய்கள் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. எனவே ஹைஃபுளோ போதாதபோது சிபாபுக்குப் போவது வழக்கமான அடுத்த படி. நோய் பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தை எட்டும் என்பதால், இந்த நாட்களில் ஒரு படி ஏறுவதைப் பார்த்துக் கைமீறிவிட்டதாக எண்ண வேண்டாம். குழந்தை மூச்சை அடிக்கடி நிறுத்தினாலோ, களைத்து மயங்கினாலோ, இரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போனாலோதான் வென்டிலேட்டர் வரும். அப்படி வந்தாலும் பெரும்பாலான குழந்தைகள் மீண்டுவிடுகிறார்கள்.

பதில் 2: செவிலியர், குன்னூர்

தம்பி, டாக்டர் சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். சிபாப் வைத்த குழந்தை வாயைத் திறந்து அழுதால் அழுத்தம் கசிந்துவிடும். அதனால்தான் செவிலியர்கள் குழந்தையை அதிகம் தொடாமல், விளக்கைக் குறைத்து, அமைதியாக வைத்திருப்பார்கள். மூக்குத் துளையின் விளிம்பு சிவந்திருக்கிறதா என்று அவர்கள் அவ்வப்போது கருவியை விலக்கிப் பார்ப்பதைக் கண்டு அண்ணி பயப்பட வேண்டாம். தோல் புண்ணாகாமல் இருக்கவே அப்படிச் செய்கிறார்கள். தாய்ப்பாலைப் பீய்ச்சித் தரச் சொன்னால் தவறாமல் கொடுக்கச் சொல்லுங்கள். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவார்கள்.

நம் மலைக்காரர்கள் எல்லோரும் கேட்க வேண்டிய ஒன்றும் உண்டு. ஆம்புலன்ஸில் 1,500 லிட்டர் கொள்ளும் பி வகை ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால், அது நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் போனால் இரண்டரை மணி நேரத்தில் காலியாகும். மலைப்பாதையில் பர்லியார் வளைவுகளில் வண்டிகள் தேங்கி நின்றால் அது போதாது. ஆகவே பால் குடிப்பது பாதியாகக் குறைந்த உடனேயே, மூச்சு முட்டும்வரை காத்திராமல், மலையிறங்கிவிடுவதே பாதுகாப்பு.

கோத்தகிரிச் சித்தப்பா

இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணிக்கு இரண்டு பதில்களையும் படித்துக் காட்டினேன். இப்போது பால் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். குழந்தை தேறிய பிறகு எப்போது வீட்டுக்கு அழைத்துப் போகலாம்?

பதில் 3: குழந்தைநல மருத்துவர், உதகை

வீடு சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை அங்குள்ள மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். இங்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான்; ஆனால் காற்றழுத்தம் குறைவதால் உள்ளே போவது குறைகிறது. கோவையில் வெறும் காற்றில் இரத்த ஆக்சிஜன் அளவு 92 சதவீதம் காட்டும் குழந்தைக்கு மலையேறியதும் அந்த அளவு இன்னும் இறங்கலாம். தூங்கும்போதும் பால் குடிக்கும்போதும் அளவு நிலையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏறுங்கள். கீழே உறவினர் வீடு இருந்தால் சில நாட்கள் அங்கே தங்குவது நல்லது. வீட்டில் குளிருக்காகக் கரியடுப்பையோ விறகையோ அறைக்குள் மூட்டும் வழக்கம் இருந்தால், குழந்தை வருவதற்கு முன்பே அதை நிறுத்திவிடுங்கள். பீடி, சிகரெட் புகையும் அப்படியே.