எலி செத்த நாத்தம், வெள்ளை வலை: இது என்ன காளான்?

மூங்கிலடி:
பெங்களூரு ஜெயநகர்ல எங்க அபார்ட்மென்ட் பின்சுவரோரம் ஒரு மூங்கில் புதர். 2019 மழையில அங்கே வெள்ளை வலை கட்டின காளான் ஒண்ணு பார்த்தேன். போனை எடுத்துட்டு வர்றதுக்குள்ள தோட்டக்காரர் மண்வெட்டியால தட்டிட்டார். அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் போய் எட்டிப் பார்ப்பேன், வீட்ல கிண்டல் வேற. முந்தாநாள் காலைல அதே இடத்துல மூணு! சாண் உயரம், பஞ்சுத் தண்டு, தலையில பச்சையும் பழுப்புமா கூழ், தலைக்கடியிலேர்ந்து தரை வரைக்கும் கொசுவலை. ஈ மொய்க்குது. கீழ்வீட்டு மாமி எலி செத்திருக்குன்னு செக்யூரிட்டியைக் கூப்பிட்டாச்சு. ஒண்ணை பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சேன், மறுநாள் கஞ்சி. ஆப் 'ஃபாலஸ் இண்டூசியாட்டஸ்'ங்குது. நம்பலாமா? அபூர்வமா?

பூஞ்சைக்கிறுக்கன்:
அக்கா, பிளாஸ்டிக்கா! காகிதக் கவர்ல போட்டிருக்கணும். போகட்டும். வலை மஞ்சளோ ஆரஞ்சோ இல்லாததால இதே குடும்பத்து 'மல்டிகலர்' இனம் இல்லை. மிச்சம் சந்தேகம் இன்னொரு இனமான 'மெருலினஸ்'. ஈ கூழைத் தின்னு தீர்த்ததும் தலையைப் பாருங்க: தேன்கூடு மாதிரி குழி குழியா இருந்தா இண்டூசியாட்டஸ், வெறும் சுருக்கம்னா மெருலினஸ். மெருலினஸோட வலையும் குட்டை.

அபூர்வம்னு சொல்லமாட்டேன். தென் அமெரிக்காவுல சுரினாம்ல கிடைச்சதுக்கு வெண்டெனாங்கற பிரெஞ்சு தாவரவியலாளர் 1798லயே பேர் வச்சுட்டார், வெப்பநாடுகள் பலதுலயும் இருக்கு. மண்ணுலேர்ந்து முதல்ல வர்ற உருண்டை மொட்டை 'முட்டை'ம்போம்; அது வெடிச்சு சில மணி நேரத்துல வலை இறங்கிடும், சீக்கிரமே சாஞ்சும் போயிடும். அதான் கண்ல படறதில்லை. ஆனா பூஞ்சை இழை மட்கின மூங்கில் சருகுல உயிரோட இருக்கும். 2019ல தட்டினது வெறும் தலையைத்தான்.

சேலத்தான்:
சீனாவுல சூப்ல போடறாங்களாமே?

பூஞ்சைக்கிறுக்கன்:
அது வளர்த்து, நாத்தக் கூழை நீக்கிக் காயவச்சது. புதர்ல முளைச்சதை வாயில வைக்காதீங்க அண்ணா.

மூங்கிலடி:
இன்னிக்குப் பார்த்தேன். ஈக்கள் சுத்தமா நக்கி வச்சிருக்கு. தலை பூரா குழி, விளிம்பெல்லாம் மேடு. அப்ப இண்டூசியாட்டஸ்தானே? பக்கத்துல இன்னும் ரெண்டு முட்டை மண்ணுக்கு மேல எட்டிப் பார்க்குது. சுத்தி நாலு குச்சி நட்டுட்டு, தோட்டக்காரர்கிட்ட கன்னடத்துல "முட்டபேடி"ன்னேன், தொடாதீங்கன்னு. மாமி காதுல முட்டைன்னு விழுந்திருக்கு. மூங்கிலடியில நான் கோழி வளர்க்கறேன்னு இப்ப புதுப் புகார்.