பல திரெட் ஓடும் சர்வரை இணைப்பு அறுபடாமல் நிறுத்துவது எப்படி?

கேள்வி:
லினக்ஸில் சி மொழியில் எழுதிய டிசிபி சர்வர். ஒரு திரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை) புது இணைப்புக்காக அக்செப்ட்டில் காத்திருக்கும். 8 வொர்க்கர் திரெட்கள் க்யூவிலிருந்து இணைப்புகளை எடுத்துக் கவனிக்கும். மெயின் திரெட் மற்றவை முடியும்வரை ஜாயினில் நிற்கும். நிறுத்தச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் வந்ததும் அதற்கான ஹேண்ட்லரில் ஒரு ஃபிளாகை மாற்றிவிட்டு, புது இணைப்புகள் வந்து சேரும் லிசனிங் சாக்கெட்டை குளோஸ் செய்கிறேன். ஆனாலும் அக்செப்ட் திரும்புவதே இல்லை. 90 வினாடி கழித்து சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, உடனே கொல்லும் சிக்கில் சிக்னலை அனுப்பிக் கதையை முடித்துவிடுகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
குளோஸ்தான் தப்பு. அக்செப்ட் முடியும்வரை கெர்னல் அந்த சாக்கெட்டை விடாது. தூங்கும் திரெட் தூங்கிக்கொண்டேதான் இருக்கும். அதைவிட மோசம், அந்த சாக்கெட்டின் எஃப்டி எண் (திறந்த ஃபைலையோ சாக்கெட்டையோ குறிக்கும் எண்) காலியாகிவிடுகிறது. அடுத்துத் திறக்கும் ஃபைலுக்கு அதே எண் கிடைத்தால், சம்பந்தமே இல்லாத ஒன்றின் மேல் அக்செப்ட் ஓடும்.

லிசனிங் சாக்கெட்டில் ஷட்டவுன் அழைத்தால் லினக்ஸில் அக்செப்ட் ஈஇன்வேல் பிழையோடு எழும். மேக்கில் இதை நம்பாதீர்கள். திரெட்டை எழுப்புவதற்கென்று ஈவென்ட்எஃப்டி ஒன்று உருவாக்கி, அதையும் லிசனிங் சாக்கெட்டையும், பல எஃப்டிகளை ஒன்றாகக் கவனிக்கும் எபோலில் சேர்ப்பதே சுத்தமான வழி. சாக்கெட் நான்பிளாக்கிங்காக (காத்திருக்காமல் உடனே திரும்புவதாக) இருக்கட்டும். நிறுத்தும்போது ஈஅகெய்ன் (இனி யாரும் காத்திருக்கவில்லை) வரும்வரை அக்செப்ட் செய்துவிட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் பேக்லாகில் (அக்செப்ட்டுக்காகக் காத்திருக்கும் வரிசையில்) நிற்பவர்களுக்கு இணைப்பை முறிக்கும் ஆர்எஸ்டி போகும்.

ஹேண்ட்லரே வேண்டாம். திரெட்களை உருவாக்கும் முன்பே பிதிரெட்_சிக்மாஸ்க்கில் சிக்டெர்மைத் தடுத்துவிட்டு, மெயின் திரெட்டை, சிக்னலுக்காகக் காத்திருக்கும் சிக்வெயிட்டில் நிறுத்துங்கள். அங்கிருந்து மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் விடும் பூட்டு), பிரிண்ட்எஃப் எதையும் பயமில்லாமல் அழைக்கலாம்.

பதில் 2:
வொர்க்கர் பக்கமும் பாருங்கள். ஃபிளாகை மியூடெக்ஸுக்குள் மாற்றி, வொர்க்கர்கள் தூங்கும் கண்டிஷன் வேரியபிளில், ஒருவரை மட்டும் எழுப்பும் சிக்னலுக்குப் பதில் எல்லாரையும் எழுப்பும் பிராட்காஸ்ட் கொடுங்கள். லாக் இல்லாமல் மாற்றினால், வொர்க்கர் ஃபிளாகைப் பார்த்து முடித்து வெயிட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய இடைவெளியில் பிராட்காஸ்ட் வீணாகும். 8 பேரில் ஒருவர் மட்டும் எழமாட்டார், ஜாயின் தொங்கும். ஆயிரத்தில் ஒருமுறை வரும் பிழை என்பதால் டெஸ்டில் சிக்காது.

அடுத்த கோரிக்கைக்காக ரிசீவில் சும்மா காத்திருக்கும் கீப்அலைவ் இணைப்புகளுக்கு மட்டும் ஷட்_ஆர்டி (படிக்கும் பக்கத்தை மட்டும் மூடும் ஷட்டவுன்) கொடுங்கள். ரிசீவ் 0 தரும். பாதிக் கோரிக்கை வந்தவற்றைத் தொடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இப்போது உடனே நிற்கிறது, நன்றி. ஆனால் சில கிளையண்ட்களுக்குக் கடைசிப் பதில் பாதியில் வெட்டுப்படுகிறது.

பதில் 3:
படிக்காத பைட் ரிசீவ் பஃபரில் மிச்சமிருக்கும்போது குளோஸ் செய்தால் லினக்ஸ், ஒழுங்காக முடிந்தது என்று சொல்லும் ஃபின்னுக்குப் பதில் ஆர்எஸ்டி அனுப்பும். அது போய்ச் சேர்ந்ததும், கிளையண்ட் இன்னும் படிக்காத பதில் போய்விடலாம். பதிலை எழுதியதும் ஷட்_டபிள்யுஆர் (எழுதும் பக்கத்தை மட்டும் மூடுவது), பிறகு 0 வரும்வரை ரிசீவ் (2 வினாடி டைம்அவுட் போதும்), அப்புறம் குளோஸ்.

நிறுத்துவதற்கான மொத்தக் கெடுவையும், வெளியிலிருந்து சர்வரைக் கொல்லும் கருவியின் கெடுவுக்கு முன்பாக முடியும்படி வையுங்கள்: இயல்பாக டாக்கர் ஸ்டாப் 10 வினாடி, குபர்நெட்டீஸ் 30. டாக்கர்ஃபைலில் சிஎம்டியை அடைப்புக்குறியில்லாத ஷெல் வடிவில் எழுதியிருந்தால் சிக்டெர்ம் ஷெல்லோடு நின்றுவிடலாம், சர்வருக்கு வந்தே சேராது.

கேள்வி கேட்டவர்:
கெடு தாண்டியும் நிற்கும் வொர்க்கரை பிதிரெட்_கேன்சல் செய்யலாமா?

பதில் 2:
வேண்டாம். கிளீனப் ஹேண்ட்லர் இல்லாமல் அது சாகும்போது பிடித்திருந்த மியூடெக்ஸ் பூட்டியபடியே கிடக்கும். லாக் பதிவுகளை ஃபிளஷ் செய்துவிட்டு, மொத்தப் புரோகிராமையும் உடனே முடிக்கும் _எக்ஸிட் அழையுங்கள்.