சித்தப்பாவின் செயலி திறக்கவில்லை

குடும்பக் குழு, சனிக்கிழமை

6:48 சித்தப்பா: யாராவது விழித்திருக்கிறீர்களா? நான் சமூக வலைத்தளம் படிக்கும் செயலி திறக்கவில்லை. "அனுமதி ரத்து செய்யப்பட்டது" என்று ஒற்றை வரி மட்டும் வருகிறது. கடவுச்சொல்லை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

6:55 சித்தி: நேற்று இரவு பத்தரை வரை படித்துக்கொண்டுதான் இருந்தார். எழுந்ததிலிருந்து போனைக் கீழே வைக்கவில்லை.

7:02 அக்கா: சித்தப்பா, கடவுச்சொல்லை மாற்றிவிடாதீர்கள். தவறு உங்கள் பக்கம் இல்லை. அந்தத் தளம் நேற்றிரவு வெளியார் செயலிகள், அதாவது மற்றவர்கள் எழுதிய செயலிகள் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டது. உங்கள் செயலியை உருவாக்கியவருக்கே காலையில்தான் தெரிந்திருக்கிறது.

7:03 சித்தப்பா: என் கணக்கு போய்விட்டதா? பதினோரு ஆண்டு எழுதியதெல்லாம் அதில் இருக்கிறது அம்மா.

7:06 அக்கா: கணக்கு பத்திரமாக இருக்கிறது. ஏபிஐ என்று ஒரு வாசல் உண்டு. வெளியார் செயலி அந்த வாசலில் போய் "இவருடைய பதிவுகளைக் கொடு" என்று கேட்கும், தளம் கொடுக்கும். உள்ளே போக ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சாவி. அந்தச் சாவியைத்தான் பறித்துவிட்டார்கள். உங்கள் எழுத்து உள்ளேயே இருக்கிறது, நீங்கள் போகும் வழி அடைபட்டிருக்கிறது.

7:15 பெரியப்பா: அவர்களுடைய சொந்தச் செயலி இலவசமாகக் கிடைக்கிறதே தம்பி. அதை இறக்கிக்கொண்டால் முடிந்தது.

7:31 சித்தப்பா: அண்ணா, இறக்கினேன். கால் மணி நேரமாக அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்தை ஓரளவுக்கு மேல் பெரிதாக்க முடியவில்லை. வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து. சரி, வாசித்துக் காட்டும் வசதியைப் போடலாம் என்று போட்டேன். "பொத்தான், பெயரில்லை. பொத்தான், பெயரில்லை" என்கிறது. எது பதில் எழுதும் பொத்தான், எது அழிக்கும் பொத்தான்? நான் பின்தொடரும் நாற்பது பேரின் பதிவுகளுக்கு நடுவே யாரென்றே தெரியாதவர்களின் காணொளிகள் தாமாகவே ஓடுகின்றன. அந்தச் சத்தத்தில் வாசிக்கும் குரல் அமுங்கிவிடுகிறது. என் பழைய செயலியில் கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, நேர வரிசை, அவ்வளவுதான். ஒவ்வொரு பொத்தானும் தன் பெயரைச் சொல்லும். கண் மங்கத் தொடங்கிய நாளிலிருந்து யாருடைய உதவியும் இல்லாமல் நான் படித்தது அதில் மட்டும்தான்.

7:33 நான்: சித்தப்பா, முக்கியமான பதிவுகளை நான் வாசித்துக் குரல் பதிவாக அனுப்பட்டுமா?

7:36 சித்தப்பா: உன் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் வேண்டாம் தம்பி. எதைப் படிப்பது, எதைத் தாண்டிப் போவது என்று நானே முடிவு செய்ய வேண்டும்.

7:50 பெரியப்பா: உன் வருத்தம் புரிகிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கணினிகளை ஓட்டும் செலவு அவர்களுடையது. வெளியார் செயலியில் அவர்களுடைய விளம்பரம் வராது. வருமானமே இல்லாமல் ஒரு நிறுவனம் எத்தனை நாள் கொடுத்துக்கொண்டிருக்கும்?

7:58 அக்கா: செலவு உண்டு பெரியப்பா, மறுக்கவில்லை. கட்டணம் கேட்பதும் தவறில்லை. கேட்கும் விதம்தான் பிரச்சினை. 2023-இல் ரெடிட் என்ற விவாதத் தளம் என்ன செய்தது தெரியுமா? செயலிகள் ஏபிஐ வாசலில் வந்து கேட்கும் 5 கோடி கோரிக்கைகளுக்கு 12,000 டாலர் என்று விலை வைத்தது. ரெடிட்டைப் படிக்க உதவிய அப்போலோ என்ற வெளியார் செயலியை எழுதியவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வந்தது. தொகை தெரிந்தது மே மாதக் கடைசியில், கட்டணம் தொடங்குவது ஜூலை 1. ஜூன் 30 அன்று மூடிவிட்டார். அதற்கு முன்பே ரெடிட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான குழுக்கள் ஜூன் 12 முதல் கதவடைத்துப் போராடின. பார்வையற்றோரின் குழுவும் அதில் இருந்தது. போராட்ட அறிவிப்பு வந்த பிறகுதான், பார்வையற்றோர் போன்றோருக்கு உதவும் லாபநோக்கற்ற சில செயலிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள்.

8:01 சித்தப்பா: கேட்டதால் கொடுத்தார்கள் என்றால், கேட்காமல் விட்டால்?

8:09 அக்கா: ட்விட்டர் அதைக்கூடச் செய்யவில்லை. அதே ஆண்டு ஜனவரி 12 அன்று ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் என்ற வெளியார் செயலிகள் இரண்டும் திடீரென நின்றன. முன்னறிவிப்பு கிடையாது. சில நாள் கழித்து, பழைய விதிகளைத்தான் அமல்படுத்துகிறோம் என்றார்கள். எந்த விதி என்று சொல்லவில்லை. 19-ஆம் தேதிதான், அவர்களுடைய செயலிக்கு மாற்றான செயலியை யாரும் உருவாக்கக் கூடாது என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். முதலில் பூட்டு, பிறகு சட்டம். செயலி எழுதிப் பிழைக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

8:12 அக்கா: இன்னொன்றும் சொல்ல வேண்டும். ட்விட்டரிஃபிக் 2007-இல் வந்தது. பறவைச் சின்னத்தை ட்விட்டரோடு முதலில் சேர்த்தது அந்தச் செயலிதான். திரையைக் கீழே இழுத்துவிட்டால் புதிய பதிவுகள் வருமே, அந்த முறையைக் கொண்டுவந்தது ட்வீட்டி என்ற வெளியார் செயலி, எழுதியவர் லோரன் பிரிக்டர். 2010-இல் ட்விட்டர் அதை விலைக்கு வாங்கித் தன்னுடைய ஐபோன் செயலியாக்கியது. வெளியார்தான் அந்த வீட்டுக்குத் திண்ணை கட்டிக் கொடுத்தார்கள், பெரியப்பா.

8:20 பெரியப்பா: இதெல்லாம் எனக்குத் தெரியாது. முன்னறிவிப்பு கொடுக்காதது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்வதற்கே அவகாசம் கொடுக்கிறோம்.

8:22 சித்தப்பா: என்னிடம் கேட்டிருந்தால் நானே மாதாமாதம் கட்டியிருப்பேன் அண்ணா. செயலிக்கு ஏற்கெனவே ஆண்டுச் சந்தா கட்டித்தான் வைத்திருந்தேன். விளம்பரத்துக்கு ஈடாக இவ்வளவு என்று ஒரு தொகை சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவே இல்லை.

8:30 நான்: இப்போதைக்கு என்ன செய்யலாம் அக்கா?

8:37 அக்கா: முதலில், சித்தப்பா, தளத்தின் அமைப்புகளில் "உங்கள் தரவைப் பதிவிறக்கு" என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் விண்ணப்பித்துப் பதினோரு ஆண்டு எழுத்தையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதை இன்றே செய்துவிடுங்கள். பிறகு அவர்களுடைய செயலியை விட்டுவிட்டு உலாவியில் திறந்து பாருங்கள். உலாவியின் எழுத்தளவும் இருண்ட பின்னணியும் நம் கையில் இருப்பவை. பழைய செயலி அளவுக்கு வராது, படிக்கும்படியாவது இருக்கும். மாஸ்டடன் என்ற இன்னொரு சமூக வலைத்தளம் பற்றி மாலையில் போனில் சொல்கிறேன். அங்கே செயலிகளுக்கான வாசல் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை.

8:39 சித்தப்பா: என்னுடைய நாற்பது பேர் அங்கே இல்லையே அம்மா.

8:40 அக்கா: ஆமாம் சித்தப்பா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

11:14 சித்தி: நகலுக்கு விண்ணப்பித்தாகிவிட்டது. உலாவியில் திறந்து பெரிய எழுத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார். பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டியிருக்கிறது. நிறுவனத்துக்கு ஒரு கடிதமும் எழுதியிருக்கிறார். எந்தெந்தப் பொத்தானுக்குப் பெயரில்லை என்று திரை திரையாகக் குறித்திருக்கிறார்.

11:20 பெரியப்பா: அந்தக் கடிதத்தை இங்கே போடு தம்பி. என் பெயரிலும் ஒன்று அனுப்புகிறேன்.

11:52 சித்தப்பா: போடுகிறேன் அண்ணா. அதற்கு முன் ஒரு செய்தி. செயலியை எழுதியவரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. சந்தாவில் எட்டு மாதம் மீதி இருக்கிறதாம், பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்கிறார்.

11:54 அக்கா: ட்வீட்பாட் மூடியபோதும் இப்படித்தான் நடந்தது. வேண்டாம் என்று சொல்லாதவர்களுக்குச் செயலியை எழுதியவர்கள்தான் தங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது.

11:57 சித்தப்பா: வேண்டாம் என்று எழுதிவிட்டேன். ஆறு ஆண்டு என்னைப் படிக்க வைத்தவர் அவர்.