புதுப்பிப்பு: பழுதான வெளிப்புற வன்தட்டும் அதற்கான மாற்றும்

என் 2 டெராபைட் வெளிப்புற வன்தட்டு கோப்புகளைத் திறக்கையில் உறைந்து நின்றுவிடுகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். கேபிளை மாற்றியும் பயனில்லை. வட்டு தன் நிலையைத் தானே கண்காணித்துத் தரும் ஸ்மார்ட் அறிக்கையின் 197ஆம் பண்பு, அதாவது படிக்க இயலாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்களின் (வட்டின் சிறு சேமிப்புப் பகுதிகளின்) எண்ணிக்கை, நாளுக்கு நாள் கூடியதால், பிழைதிருத்தும் எண்ணத்தைக் கைவிட்டு, பழைய வட்டில் எதையும் எழுதாமல், லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்னும் தரவு மீட்புக் கருவியால் முழுவதையும் வேறொரு வட்டுக்குப் படியெடுத்தேன். இக்கருவி நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுச் சிக்கலான இடங்களுக்குப் பின்னர் திரும்புகிறது. முன்னேற்றத்தை மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால், இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. (டக் டக்கென்று ஒலி வரும் வட்டில் இதை முயலாமல், உடனே நிறுத்தி மீட்பு வல்லுநரிடம் கொடுப்பதே நல்லது.) மூன்று இரவுகள் ஆயின. சில காணொளிகள் சிதைந்துவிட்டன. அம்மாவின் குரல் பதிவுகள் அனைத்தும் பிழைத்தன என்பதில் எனக்கு மிகுந்த நிம்மதி.

மாற்றாக ஒன்றல்ல, இரண்டு வாங்கினேன். அசையும் பாகங்கள் இல்லாததால் அதிர்ச்சியைத் தாங்கும் 1 டெராபைட் எஸ்எஸ்டி (சிப்களில் தரவைச் சேமிக்கும் சாதனம்) பயணத்துக்கு. மின்சாரமின்றி நெடுங்காலம் கிடந்தால் எஸ்எஸ்டியில் தரவு அழியக்கூடும் என்பதால், வீட்டுச் சேமிப்புக்கு 4 டெராபைட் வன்தட்டு. முக்கியமான கோப்புகள் இப்போது இரண்டிலும் உள்ளன.